அயல்நகரத்தில் நிற்கும் எகிப்திய ஒபிலிஸ்கை அடியிலிருந்து படிப்பது எப்படி

ரோம், பாரிஸ், லண்டன், நியூயார்க், இஸ்தான்புல் ஆகிய நகரங்களில் ஏதேனும் ஒன்றுக்குச் செல்கிறவர், எகிப்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஓர் ஒபிலிஸ்கின் முன் என்றேனும் ஒரு நாள் வந்து நிற்பார். பெரும்பாலோர் அண்ணாந்து உச்சியைப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், இரண்டு நிமிடத்தில் நகர்ந்துவிடுகிறார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நிற்பதும் விழுவதும் மண்ணில் புதைவதும் கடல் கடப்பதுமாக இருந்த ஒரு கல்லுக்கு இரண்டு நிமிடம் போதாது. ஒரு மணி நேரம் ஒதுக்கினால், எந்தத் துறைப்பயிற்சியும் இல்லாமலே அந்தக் கல்லின் வரலாற்றில் பெரும்பகுதியைக் கண்ணாலேயே படித்துவிட முடியும். அதற்கு ஒரே ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்: பார்வையை உச்சியில் தொடங்காமல் அடியில் தொடங்க வேண்டும். இந்தத் தூண்களை எகிப்தில் நிறுத்தியவர்கள் உச்சியைச் சூரியனுக்காகச் செய்தார்கள். பெயர்த்துச் சென்றவர்கள் விட்டுச்சென்ற தடயங்களோ அடியில்தான் சேர்ந்துகிடக்கின்றன.

ஒபிலிஸ்க் என்பது ஒரே கல்லில் வெட்டப்பட்டு, நான்கு முகங்களும் மேலே போகப் போகக் குறுகி, சிறு பிரமிடாக முடியும் தூண். எகிப்தியர் இதைத் தெகென் என்றார்கள். இறைச்சி வாட்டும் சிறு கம்பியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே இன்று நாம் வழங்கும் பெயருக்கு வேர். பெரிய தூண்களுக்கான செந்நிறக் கிரானைட் அஸ்வானில் வெட்டப்பட்டது. அங்கே பாறையிலிருந்து பிரிக்கப்படாமலே கிடக்கும் முடிவுறாத தூண் ஏறத்தாழ 42 மீட்டர் நீளமும் ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்டது. வெட்டும்போதே விரிசல் தென்பட்டதால் அதைக் கைவிட்டார்கள். நீங்கள் பார்க்கப்போகும் ஒவ்வொரு தூணும் அப்படி விரிசல் விடாமல் தப்பிய கல் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படுமுன்

எடுத்துச் செல்ல வேண்டியவை சில. சிறு தொலைநோக்கி ஒன்று, ஒரு மீட்டர் நீளக் குச்சி ஒன்று, அளவுநாடா ஒன்று, பின்னால் நான் சொல்லும் அரசர் பெயர்களின் வடிவங்களை வரைந்த ஒரு தாள். இவற்றுள் தொலைநோக்கியை மட்டும் மறந்துவிடாதீர்கள். தூணின் மேற்பாதியில் உள்ள எழுத்துகளை வெறுங்கண்ணால் பிரித்தறிவது கடினம்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பது அதைவிட முக்கியம். எகிப்தியச் செதுக்கல் கல்லுக்குள் குழிந்த செதுக்கல். உச்சிவெயில் முகத்தின்மேல் நேராக விழுந்தால் குழிவுகள் நிழலின்றித் தட்டையாகிவிடும். மேகம் மூடிய நாளில் சாம்பல்நிறப் பரப்பு மட்டுமே தெரியும். காலையிலோ மாலையிலோ வெளிச்சம் ஒரு முகத்தைப் பக்கவாட்டில் உரசிச் செல்லும் வேளையில், ஒவ்வொரு குறியின் ஓரத்திலும் நிழல் தேங்கி, மறைந்துவிட்டதாக நினைத்த எழுத்து எழுந்து வரும். நான்கு முகங்களுக்கும் அந்த வேளை ஒன்றாக வாய்க்காது. ஆகவே முடிந்தால் ஒரே நாளில் இருமுறை செல்லுங்கள்.

நீங்கள் பார்க்கப்போவது உண்மையில் எந்த வகைத் தூண் என்பதையும் முன்பே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ரோமில் உள்ள பழங்காலத் தூண்கள் 13 என்று எண்ணுவார்கள். அவற்றுள் எட்டு எகிப்தில் எகிப்தியருக்காகச் செய்யப்பட்டவை, ஐந்து ரோமானியர் தங்களுக்காகச் செய்துகொண்டவை. நவோனா சதுக்கத்தில் பெர்னினியின் நான்கு நதிகள் நீரூற்றின்மேல் நிற்கும் தூணில் சித்திர எழுத்துகள் இருந்தாலும், அவை பேரரசர் டொமிஷியனைப் புகழ்பவை. அகஸ்டஸின் கல்லறைக்கு முன் நின்று இப்போது எஸ்குவிலின், குவிரினால் குன்றுகளில் தனித்தனியே நிற்கும் இணையில் எழுத்தே இல்லை. பிரான்ஸின் ஆர்ல் நகரத் தூண் எகிப்தியக் கல்லே அன்று. ரோமிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு 2008-இல் மீண்டும் நிறுத்தப்பட்ட ஆக்சும் தூண் எத்தியோப்பியாவுக்கு உரியது, அதன் கதை வேறு. வாஷிங்டன் நினைவுத்தூணோ பல கற்களை அடுக்கிக் கட்டிய கட்டடம். ஓரங்களில் கல்லடுக்கின் கோடுகள் ஒழுங்காகத் தெரிந்தால் அது எகிப்தியத் தூண் இல்லை என்று உடனே முடிவு செய்யலாம்.

அடியில் குனிந்து பாருங்கள்

தூணின் உடல் பீடத்தைத் தொடும் இடத்துக்கு எவ்வளவு அருகில் அனுமதிக்கிறார்களோ அவ்வளவு அருகில் செல்லுங்கள். முதலில் கவனிக்க வேண்டியது, கல் பீடத்தில் முழுதாகப் படிந்திருக்கிறதா, இல்லையா என்பது. பெயர்க்கப்பட்ட தூண்கள் பலவற்றில் அது முழுதாகப் படிவதில்லை. மூலைகள் உடைந்து, நான்கு உலோகத் துண்டுகளின்மேல் கல் தாங்கப்பட்டு, இடையே வெளிச்சம் புகும் இடைவெளி இருக்கும். இருநூறு டன் கல்லைச் சாய்க்கும்போதும் நிமிர்த்தும்போதும் முழு எடையும் அடிவிளிம்பில் இறங்குகிறது. ஓரம் நொறுங்குவதற்கு ஒரு முறை விழுந்தாலே போதும்.

இதை நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் உள்ள தூணில் மிகத் தெளிவாகக் காணலாம். எகிப்திய அரசர் மூன்றாம் துத்மோஸ் ஹீலியோபொலிஸ் என்ற எகிப்திய நகரில் நிறுத்திய இணைகளில் ஒன்றான இத்தூணை, அகஸ்டஸின் காலத்தில் அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டுபோனார்கள். அடிமூலைகள் உடைந்திருந்ததால், ரோமானியப் பொறியாளர்கள் வெண்கலத்தில் நான்கு நண்டுகளை வார்த்து மூலைக்கு ஒன்றாக வைத்தார்கள். இன்று தூணின் கீழ் நீங்கள் பார்ப்பவை 19-ஆம் நூற்றாண்டின் பிரதிகள். எஞ்சிய இரண்டு மூல நண்டுகள் பக்கத்திலேயே உள்ள மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தூணைப் பார்த்த கையோடு அங்கே சென்று நண்டின் கொடுக்கைப் பாருங்கள். கிரேக்கத்திலும் லத்தீனிலும் சில வரிகள் அதில் பொறிக்கப்பட்டிருக்கும்: எகிப்தின் ஆளுநர் பார்பரஸ் நிறுத்தினார், கட்டடக்கலைஞர் போன்டியஸ். அதில் உள்ள ஆண்டை முதலில் 8 என்று படித்தார்கள். பின்னர் தேய்ந்த எழுத்தை மீண்டும் ஆராய்ந்து 18 என்று திருத்தினார்கள். அது கி.மு. 13–12. கிளியோபாத்ரா இறந்து அப்போது ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. தூணோ அவளைவிட ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் மூத்தது. அப்படியிருந்தும் லண்டனிலும் நியூயார்க்கிலும் இதைக் கிளியோபாத்ராவின் ஊசி என்றே அழைக்கிறார்கள். பெயர்ப்பலகையை விட நண்டின் கொடுக்கை நம்புங்கள்.

இஸ்தான்புல்லில், பழைய குதிரைப்பந்தயத் திடலில் நிற்கும் தூண் நான்கு வெண்கலக் கனசதுரங்களின்மேல் அமர்ந்திருக்கிறது. இங்கே அடிப்பகுதியே தொலைந்துவிட்டது. கர்னாக் கோயிலின் ஏழாம் கோபுரவாயிலின் முன் மூன்றாம் துத்மோஸ் நிறுத்தியபோது ஏறத்தாழ 30 மீட்டர் இருந்திருக்கக்கூடிய தூணில் இன்று எஞ்சியிருப்பது 20 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. இதற்கு ஏட்டுச் சான்று தேட வேண்டியதில்லை. சித்திர எழுத்துப் பத்தி கீழே வரும்போது வாக்கியம் முடியாமலே அறுந்து நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கல்லின் பளபளப்பையும் கூர்மையையும் புகழ்பவர்கள் பலர். அறுந்த அந்தக் கடைசி வரியைச் சுட்டிக்காட்டுபவர்களைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும், ஏனெனில் இத்தூணுக்கு நேர்ந்தது முழுவதும் அந்த ஒரு விளிம்பில் இருக்கிறது.

பீடத்தை ஆவணமாகப் படியுங்கள்

பீடம் எகிப்தியருடையது அன்று என்று பலர் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள். தூணை நகர்த்தியவர்கள் தம்மைப் பற்றி எழுதிவைத்த இடம் அதுதான். எனவே நான்கு முகங்களையும் சுற்றி வந்து, யாருடைய பெயர் இருக்கிறது, யாருடைய உழைப்பு காட்டப்பட்டிருக்கிறது என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இஸ்தான்புல் பீடத்தில் பேரரசர் தியோடோசியஸ் அரங்க மாடத்திலிருந்து பந்தயத்தைப் பார்க்கும் காட்சிகள் மேலே உள்ளன. கண்ணைக் கீழ்ப்பகுதிக்கு இறக்கினால், கயிறுகளும் சுழல் உருளைகளும் கொண்டு தூணை இழுத்து நிறுத்தும் ஆட்கள் சிறிய உருவங்களாகச் செதுக்கப்பட்டிருப்பார்கள். கி.பி. 390-இல் நடந்த வேலையை அக்காலத்தவரே செதுக்கிவைத்த காட்சி இது. பீடத்தின் லத்தீன் கல்வெட்டு, தூணை நிறுத்த 30 நாள் ஆனதென்கிறது. கிரேக்கக் கல்வெட்டோ 32 நாள் என்கிறது. ஒரே பீடத்தில் இரண்டு எண்கள்! வேலையை நடத்திய நகர ஆளுநர் புரோக்லஸ் பின்னர் கொல்லப்பட்டபோது அவர் பெயர் கல்லிலிருந்து செதுக்கி எடுக்கப்பட்டு, பிற்பாடு மீண்டும் பொறிக்கப்பட்டது. பெயர் இருக்கும் இடத்தில் கல்லின் பரப்பு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பீடம் இன்றைய தரைமட்டத்துக்குக் கீழே ஒரு பள்ளத்தில் நிற்பதையும் கவனியுங்கள். பழைய பந்தயத்திடலின் தரை அந்த ஆழத்தில்தான் இருந்தது.

பாரிஸின் கான்கார்ட் சதுக்கத்தில் உள்ள பீடம் இதே வேலையைப் படமாக வரைந்தே காட்டுகிறது. எகிப்தின் ஆட்சியாளர் முகமது அலி பிரான்ஸுக்கு அளித்த இந்த லக்சர் தூணை, அதற்கென்றே கட்டிய கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, 1836 அக்டோபர் 25 அன்று பொறியாளர் லெபா நிறுத்தினார். பீடத்தின் இரண்டு முகங்களில் அவர் கையாண்ட பொறிகள் பொன்னிறக் கோடுகளில் வரையப்பட்டிருக்கின்றன. ஒன்று லக்சரில் தூணை இறக்கிய விதம், மற்றொன்று பாரிஸில் ஏற்றிய விதம். இந்த வரைபடத்தின் முன் பத்து நிமிடம் செலவிடுங்கள். தூணின் அடிவிளிம்பு எங்கே கீல்போல் திரும்புகிறது, கயிறு எந்த உயரத்தில் கட்டப்பட்டிருக்கிறது, நேராக நிமிரும் கடைசித் தருணத்தில் மறுபக்கம் சாயாமல் தடுக்கும் கயிறுகள் எவை என்பதைத் தேடிக் கண்டுபிடியுங்கள். தூக்குவதைவிடக் கடினமானது கடைசியில் நிறுத்தித் தடுப்பது என்பது வரைபடத்தைப் பார்த்தால் விளங்கும். லக்சரில் இத்தூணின் அடியில் இருந்த மூலப்பீடத்தில் கைதூக்கி நிற்கும் பபூன் குரங்குகள் செதுக்கப்பட்டிருந்தன. அவற்றின் ஆணுறுப்பு வெளிப்படையாக இருந்ததால் பொதுச்சதுக்கத்துக்கு ஒவ்வாது என்று கருதி, அந்தக் கல்லை லூவர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். உதயசூரியனைக் கைதூக்கி வரவேற்கும் குரங்குகள் இல்லாமல் அந்தத் தூணுக்குப் பாதிப் பொருள் இல்லை. லூவரில் அவற்றைத் தேடிப் பார்த்துவிட்டு வருவது, இந்தப் பயணத்தின் ஒரு பகுதி என்றே கொள்ளுங்கள்.

லண்டனில், தேம்ஸ் கரையில் நிற்கும் தூணின் பீடத்தில் ஆறு மனிதர்களின் பெயர்கள் இருக்கும். 1877-இல் அத்தூண் இரும்பு உருளை ஒன்றுக்குள் வைக்கப்பட்டு, அந்த உருளையே ஒரு மிதவையாக, ஓல்கா என்ற நீராவிக் கப்பலின் பின்னால் இழுத்து வரப்பட்டது. அக்டோபர் 14 அன்று பிஸ்கே விரிகுடாவில் புயல் அடித்தது. உருளையில் இருந்தவர்களைக் காப்பாற்றப் படகில் சென்ற ஓல்காவின் ஆறு மாலுமிகள் திரும்பவில்லை. கைவிடப்பட்ட உருளை மூழ்காமல் மிதந்து, வேறொரு கப்பலால் கண்டெடுக்கப்பட்டு, 1878-இல் லண்டன் வந்தது. செப்டம்பர் 12 அன்று தூண் நிறுத்தப்பட்டது. செலவுக்கு 10,000 பவுண்டு கொடுத்த எராஸ்மஸ் வில்சனின் பெயரைப் பலர் குறிப்பிடுவார்கள். நீங்கள் அந்த ஆறு பெயர்களையும் ஒவ்வொன்றாக வாயால் படித்துவிட்டு நகருங்கள்.

காயங்களைப் பிரித்தறியுங்கள்

இப்போது பார்வையைத் தூணின் உடலுக்கு உயர்த்தலாம். தூணைச் சுற்றி ஒரு முறை மெதுவாக நடந்து, ஒட்டு, விரிசல், துளை, உதிர்வு ஆகிய நான்கையும் தேடுங்கள். கிடைமட்டமாகவோ சாய்வாகவோ உடலைச் சுற்றி ஓடும் கோடு, தூண் விழுந்து உடைந்து மீண்டும் ஒட்டப்பட்டதன் அடையாளம். ரோமின் லாத்தரான் தூண், 32 மீட்டர் உயரத்துடன் இன்று உலகில் நிற்கும் எகிப்தியத் தூண்களில் மிக உயரமானது. அது 1587-இல் சர்க்கஸ் மாக்சிமஸ் என்ற பழைய ரோமானியப் பந்தயத்திடலின் மண்ணிலிருந்து மூன்று துண்டுகளாகத் தோண்டி எடுக்கப்பட்டு அடுத்த ஆண்டு நிறுத்தப்பட்டது. தொலைநோக்கியில் அந்த ஒட்டுகளைப் பின்தொடரலாம். வத்திக்கான் தூணில் இப்படிப்பட்ட ஒட்டைத் தேடினால் கிடைக்காது. ரோமில் விழாமல் நின்ற ஒரே பழந்தூண் அது.

சிறு துளைகளின் கூட்டத்தை அலட்சியம் செய்யாதீர்கள். வத்திக்கான் தூணில் சித்திர எழுத்து கிடையாது. அகஸ்டஸுக்கும் டைபீரியஸுக்கும் உரிய லத்தீன் வரிகள் அடிப்பகுதியில் உள்ளன. ஆனால் அவ்வரிகளுக்கு முன்னால் அங்கே வேறொரு கல்வெட்டு வெண்கல எழுத்துகளால் பதிக்கப்பட்டிருந்தது. எழுத்துகளைப் பிடுங்கிய பின்னும் அவற்றைப் பிடித்திருந்த ஆணித்துளைகள் எஞ்சின. அந்தத் துளைகள் அமைந்த முறையிலிருந்தே, எகிப்தின் முதல் ரோமானிய ஆளுநர் கொர்னேலியஸ் காலுஸ் ஃபோரம் யூலியம் என்ற பொதுச்சதுக்கத்தைக் கட்டினார் என்ற வாசகத்தை 20-ஆம் நூற்றாண்டில் மீட்டெடுத்தார்கள். எழுத்து போனாலும் அதைத் தாங்கிய துளைகள் பேசின.

எல்லாக் காயமும் பழையதும் அல்ல. லண்டன் தூணின் பீடத்திலும் அருகே உள்ள ஸ்பிங்க்ஸ் சிலையிலும் காணும் குழிகளை எகிப்தில் நேர்ந்த சிதைவு என்று எண்ணிவிட வேண்டாம். 1917 செப்டம்பர் 4 இரவு ஜெர்மானிய விமானம் வீசிய குண்டின் சிதறல்கள் உண்டாக்கியவை அவை. நியூயார்க் தூணின் முகங்களில் எழுத்துகள் அழிந்து வழுவழுப்பான பட்டைகளாகத் தெரிவதற்கோ காரணம் வேறு. ஹீலியோபொலிஸில் விழுந்து நூற்றாண்டுகள் ஈரமண்ணில் கிடந்தபோது கல் உப்பை உறிஞ்சிக்கொண்டது. நியூயார்க்கின் ஈரமும் உறைபனியும் பட்டதும் அந்த உப்பு உள்ளிருந்து விரிந்து மேற்பரப்பைச் செதில் செதிலாகத் தள்ளியது. 1885-இல் பாதுகாப்புக்காகப் பாரஃபின் மெழுகு பூசியபோது, தளர்ந்திருந்த செதில்களையும் சேர்த்தே அகற்றிவிட்டார்கள். நல்லெண்ணத்தோடு செய்த வேலையில் எழுத்துகள் பல என்றைக்குமாகப் போயின. ஆகவே கல்லைத் தொட அனுமதி இருந்தாலும் தொடாதீர்கள், தாளை ஒட்டிப் படியெடுக்கும் ஆசையை அறவே விட்டுவிடுங்கள்.

அரசனின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

பலர் பயந்து ஒதுங்குவது இங்கேதான். பயப்படத் தேவையில்லை. தூணில் உள்ள வாசகம் முழுவதையும் படிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை, பெயர்களைக் கண்டுபிடித்தால் போதும். 17-ஆம் நூற்றாண்டில் அறிஞர் அத்தனேசியஸ் கிர்ஷர், நவோனா சதுக்கத் தூணின் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மறைஞானப் பொருள் கற்பித்து நீண்ட விளக்கம் எழுதினார். 1822-இல் பிரெஞ்சு அறிஞர் சாம்போலியன் எழுத்துமுறையைப் பிரித்தறிந்த பிறகு அந்த விளக்கம் முழுவதும் பயனற்றதாகிவிட்டது. படத்தைப் படமாக நினைத்து ஊகிக்காதீர்கள் என்பதே இதில் கிடைக்கும் எச்சரிக்கை.

முதலில் வாசிப்புத் திசை. பறவை, விலங்கு, மனிதர் ஆகியோரின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கத்திலிருந்து வாசிப்பு தொடங்கும். ஒபிலிஸ்கில் எழுத்துகள் பத்திகளாக மேலிருந்து கீழே இறங்கும். பத்தியின் உச்சியில் ஒரு செவ்வகச் சட்டமும் அதன்மேல் ஒரு பருந்தும் இருக்கும். சட்டத்துக்குள் காளை ஒன்றும், கோல் ஏந்திய கை ஒன்றும் தெரிந்தால், அது “வலிய காளை” என்று தொடங்கும் அரசனின் ஹோரஸ் பெயர். மூன்றாம் துத்மோஸின் பெயர் “வலிய காளை, தீப்ஸில் உதித்தெழுபவன்” என்று போகும்.

அங்கிருந்து கீழே இறங்கி, நீள்வட்ட வளையம் ஒன்றைத் தேடுங்கள். அரசப்பெயரைச் சுற்றி வரையப்படும் இந்த வளையத்துக்குள் இருக்கும் மூன்று நான்கு குறிகளே உங்கள் இலக்கு. மேலே சூரிய வட்டம், நடுவே சீப்புப்போல் பல்வரிசை கொண்ட பலகை, கீழே வண்டு. இது மென்கெபர்ரே, அதாவது மூன்றாம் துத்மோஸ். வண்டின் கீழ் மூன்று சிறு கோடுகள் சேர்ந்தால் அது மென்கெபரூரே, அவருடைய பேரன் நான்காம் துத்மோஸ். சூரிய வட்டமும், விலங்குத்தலை கொண்ட கோலும், தலையில் இறகு சூடி அமர்ந்த மாஅத் தெய்வமும் வந்தால் உசர்மாஅத்ரே, அதாவது இரண்டாம் ராம்சேஸ். சூரிய வட்டம், மாஅத், பல்வரிசைப் பலகை என்று வந்தால் முதலாம் சேட்டி. இந்த நான்கையும் தாளில் வரைந்துகொண்டு போனால், உலகின் பெரிய நகரங்களில் நிற்கும் பெருந்தூண்களில் பலவற்றின் உரிமையாளரை நீங்களே சொல்லிவிடலாம். வளையத்தின் முதலில் இருக்கும் சூரியனைப் பெயரின் கடைசியில் ஒலிக்கிறோம். தெய்வத்துக்கு மரியாதையாக அதை முன்னால் எழுதினார்கள்.

இப்போது இந்த அறிவைப் பயன்படுத்திப் பார்க்கலாம். லண்டன் தூணின் ஒரு முகத்தில் மூன்று பத்திகள் இருக்கும். நடுப்பத்தியில் வண்டு தெரிந்தால், அது செய்தவரின் பத்தி. இருபக்கப் பத்திகளில் இறகு சூடிய தெய்வம் தெரிந்தால், இருநூறு ஆண்டுகள் கழித்து இரண்டாம் ராம்சேஸ் தம் பெயரைச் சேர்த்துக்கொண்டார் என்று பொருள். லாத்தரான் தூணிலும் இதே ஏற்பாடுதான். ஆனால் அங்கே நிலைமை நெகிழச் செய்வது. மூன்றாம் துத்மோஸ் வெட்டச் செய்து, அவர் மறைந்த பின் கர்னாக்கில் 35 ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த தூணை, பேரன் நிறுத்திவைத்து, நடுப்பத்தியைப் பாட்டனாருக்கே விட்டு, பக்கப் பத்திகளில் அந்தச் செய்தியை எழுதினார். ரோமின் போப்போலோ சதுக்கத்துத் தூணில் மூன்று முகங்கள் சேட்டிக்கும் ஒன்று அவர் மகன் ராம்சேஸுக்கும் உரியவை. அதைப் பார்த்துவிட்டு, ஸ்பானியப் படிக்கட்டுகளுக்கு மேலே உள்ள டிரினிட்டா தேவாலயத்தின் முன் நிற்கும் சிறிய தூணுக்குச் செல்லுங்கள். அது முந்தையதைப் பார்த்து ரோமானியர் செதுக்கிய பிரதி. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால், எழுத்தை அறிந்து செதுக்கிய கைக்கும் வடிவத்தை மட்டும் பார்த்து எழுதிய கைக்கும் உள்ள வேறுபாடு பழக்கமில்லாத கண்ணுக்கும் புலப்படும்.

உயரமும் எடையும்

வழிகாட்டிகள் தரும் உயரங்கள் ஒன்றோடொன்று முரண்படுவதைக் கண்டு குழம்ப வேண்டாம். வத்திக்கான் தூணின் கல் மட்டும் ஏறத்தாழ 25.5 மீட்டர், பீடமும் சிலுவையும் சேர்ந்தால் 41 மீட்டரைத் தாண்டும். எந்த எண் எதைக் குறிக்கிறது என்று கேளுங்கள், அல்லது நீங்களே அளந்துவிடுங்கள். ஒரு மீட்டர்க் குச்சியைச் செங்குத்தாகப் பிடித்து அதன் நிழலை அளக்க வேண்டும். உடனே தூணின் நிழல்நுனி விழும் இடத்தைக் குறித்து, அங்கிருந்து பீடத்தின் ஓரம் வரை அளந்து, பீட அகலத்தில் பாதியைச் சேர்க்க வேண்டும். இந்தப் பாதியைச் சேர்க்க மறப்பதால்தான் பெரும்பாலான கணக்குகள் பிசகுகின்றன, ஏனெனில் நிழல்நுனி தூணின் நடு அச்சில் உள்ள உச்சிக்கு உரியது. குச்சியின் நிழல் 80 சென்டிமீட்டராகவும் தூணின் நிழல் 20 மீட்டராகவும் இருந்தால் உயரம் 25 மீட்டர். கூர்நுனியின் நிழல் தரையில் ஏறத்தாழ ஒரு சாண் அளவுக்கு மங்கிப் பரவியிருக்கும், ஏனெனில் சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் வட்டாக இருக்கிறது. இதே சிக்கலை அகஸ்டஸின் ஆட்களும் சந்தித்தார்கள். இரண்டாம் சாம்திக்கின் தூணை, இப்போது மோன்தேசித்தோரியோ சதுக்கத்தில் நிற்பதை, நண்பகல் நிழலை அளக்கும் கருவியாக அவர்கள் ஆக்கியபோது, நிழல் திரண்டு விழுவதற்காக உச்சியில் பொன் பூசிய பந்து ஒன்றை வைத்தார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார்.

எடையையும் தோராயமாகக் கணக்கிடலாம். அடியகலத்தின் வர்க்கம், தலையகலத்தின் வர்க்கம், இரண்டு அகலங்களின் பெருக்கம் ஆகிய மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து, உயரத்தாலும் பின்னர் 2.7-ஆலும் பெருக்குங்கள். அடி 2.4 மீட்டர், தலை 1.5 மீட்டர், உயரம் 21 மீட்டர் என்றால் ஏறத்தாழ 219 டன் வரும். பாரிஸ் தூணும் ஏறக்குறைய இந்த அளவினதே. 1586-இல் டொமெனிகோ ஃபோன்டானா வத்திக்கான் தூணை அதன் பழைய இடத்திலிருந்து தேவாலயத்தின் முன்பக்கத்துக்குக் கொண்டுவர 40 சுழல் உருளைகளையும் சுமார் 900 ஆட்களையும் குதிரைகளையும் பயன்படுத்தினார். ஏப்ரல் 30-இல் தூக்கத் தொடங்கிய தூண் செப்டம்பர் 10-இல்தான் நிமிர்ந்தது. எடையை நீங்களே கணக்கிட்ட பிறகு இந்த எண்களைக் கேட்டால் அவற்றின் பளு புரியும்.

கடைசியாக உச்சி

உச்சியில் பார்க்க வேண்டியது குறைவு. எகிப்தில் பொன்னோ பொன்வெள்ளிக் கலவையோ பூசப்பட்டு விடியலில் மின்னிய கூம்பின்மேல், ரோமில் போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் சிலுவைகளை வைத்தார். பாரிஸ் தூணின் பொன்தொப்பி 1998-இல் பொருத்தப்பட்டது. வத்திக்கான் தூணின் உச்சியில் இருந்த வெண்கல உருண்டைக்குள் ஜூலியஸ் சீசரின் சாம்பல் இருப்பதாக இடைக்காலத்தில் நம்பினார்கள். இறக்கிப் பார்த்தபோது சாம்பல் எதுவும் இல்லை. அந்த உருண்டை இப்போது காபிடோலின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இணையைத் தேடுங்கள்

எகிப்தியர் தூண்களைப் பெரும்பாலும் இணையாகவே நிறுத்தினார்கள், கோயில் வாயிலின் இருபுறமும் ஒவ்வொன்றாக. லாத்தரான் தூண் தனியாகவே நிறுத்தப்பட்டது என்பதை நான்காம் துத்மோஸ் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்ததே வழக்கம் எது என்பதற்குச் சான்று. ஆகவே உங்கள் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், இத்தூணின் மறுபாதி எங்கே என்ற கேள்வியை எழுதி விடை தேடுங்கள். லண்டன் தூணின் இணை நியூயார்க்கில் நிற்கிறது. அவற்றை இன்று ஓர் அட்லான்டிக் கடல் பிரிக்கிறது. அவை பிறந்த ஹீலியோபொலிஸில், கெய்ரோவின் மத்தாரியா பகுதியில், அவற்றைவிடப் பழைய முதலாம் சென்வோஸ்ரெட்டின் தூண் ஒன்று மட்டும் இடம் மாறாமல் நிற்கிறது.

பாரிஸ் தூணின் இணையோ லக்சர் கோயிலின் வாயிலிலேயே இருக்கிறது. இரண்டாவது தூணையும் முகமது அலி பிரான்ஸுக்கே அளித்திருந்தார். அது எடுக்கப்படவே இல்லை. 1981-இல் பிரான்ஸ் அதன்மீதான உரிமையை முறைப்படி விட்டுக்கொடுத்தது. எகிப்துக்குச் செல்லும் வாய்ப்பு கிடைத்தால், அந்த வாயிலுக்கு எதிரே நின்று, இடப்பக்கத் தூணின் அடியில் பபூன்கள் இன்றும் கைதூக்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, வலப்பக்கம் திரும்புங்கள். அங்கே தூண் இல்லை, வெற்றுப்பீடம் மட்டும் இருக்கிறது. பாரிஸில் நீங்கள் வரைந்துவந்த தூணின் அடியளவை அந்தப் பீடத்தோடு ஒப்பிட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.